பத்து டாலர் நோட்டில் இரண்டு கவிஞர்கள்: இந்த நாட்டுப் பாட்டு நம் காதில் விழுகிறதா?

வெண்டி கடைக்காரர் எழுதியது:

ஆஸ்திரேலியாவில் எல்லாம் இருக்கிறது, பாட்டும் கவிதையும்தான் கிடையாது என்று நம் ஆட்கள் சொல்லிக் கேட்காத வாரமே இல்லை. கோயில் அன்னதானத்தில் சொல்வார்கள், பிறந்தநாள் விழாவில் சொல்வார்கள், என் கடையில் நின்று முருங்கைக்காயை ஒடித்துப் பார்த்துக்கொண்டே சொல்வார்கள். எனக்கு அது சரியென்று படவில்லை. அதனால்தான் இந்த இழை.

கையில் பத்து டாலர் நோட்டு இருந்தால் எடுத்துப் பாருங்கள். இப்போது எல்லாரும் அட்டையைத் தட்டிவிட்டுப் போவதால் பலர் அதை நின்று பார்த்திருக்கவே மாட்டார்கள். ஒரு பக்கம் பாஞ்சோ பாட்டர்சன், மறுபக்கம் மேரி கில்மோர், இரண்டு பேருமே கவிஞர்கள். பூதக்கண்ணாடி வைத்தால் அவர்களுடைய பாட்டு வரிகளே பொடி எழுத்தில் அச்சாகியிருப்பது தெரியும். கள்ள நோட்டைக் கண்டுபிடிக்க வைத்திருக்கும் அடையாளங்களில் ஒன்று கவிதை! 1966ல் டாலர் வந்தபோது வெளியிட்ட முதல் பத்து டாலர் நோட்டில் ஹென்றி லாசன் இருந்தார், அவரும் கவிஞர், சிறுகதைக்காரர். நூறு டாலரில் ஓபரா பாடகி நெல்லி மெல்பா. ஐம்பதில் டேவிட் உனைபான், பூர்வகுடி எழுத்தாளர். பாட்டும் கவிதையும் இல்லாத ஊரா இப்படி நோட்டு அடிக்கும்?

மேரி கில்மோர் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஆட்களுக்குப் பிடிக்கக்கூடிய ஆள். பள்ளி ஆசிரியை. 1890களில் சமத்துவக் குடியிருப்பு அமைக்கிறோம் என்று ஒரு கூட்டம் கப்பலேறித் தென் அமெரிக்காவில் பராகுவே வரைக்கும் போனது, இவரும் பின்னால் போய்ச் சேர்ந்துகொண்டார். திரும்பி வந்து தொழிலாளர் பத்திரிகையில் பெண்கள் பக்கத்தை இருபது வருஷத்துக்கு மேல் நடத்தினார். 1962ல் இறந்தபோது அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு.

ஜனவரியில் குடும்பத்தோடு டாம்வர்த் போயிருந்தேன். சிட்னியிலிருந்து நானூறு கிலோமீட்டர், நாற்பதைத் தொடும் வெயில், 1970களிலிருந்து வருஷா வருஷம் நடக்கும் கிராமியப் பாட்டுத் திருவிழா. பீல் தெரு முழுக்கக் கிட்டாரும் பிடிலும். ஆனால் என்னைப் பிடித்து உட்கார வைத்தது பாட்டு இல்லை, காலைச் சாப்பாட்டோடு நடக்கும் கவிதை. ஆமாம், முட்டையும் ரொட்டியும் தின்றுகொண்டே கேட்பதற்குக் கவிதை. தொப்பி போட்ட ஒரு கிழவர் எழுந்து வந்தார், கையில் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. வறட்சியில் ஆடுகளைச் சுட்டுக் கொல்ல வேண்டிவந்த ஒரு விவசாயியின் கதையை ஆரம்பம் முதல் முடிவு வரை எதுகையும் சந்தமும் பிசகாமல் சொல்லி முடித்தார். முன்வரிசையில் இருந்த பாட்டிமார் வாய்க்குள்ளேயே கூடச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தட்டில் இருந்த முட்டை ஆறிப்போனதை ஒருவரும் கவனிக்கவில்லை. இவர்கள் போட்டிகளில் சந்தம் உடைந்தால் மதிப்பெண் போகும், பார்த்துப் படிப்பதை யாரும் விரும்புவதில்லை. மனப்பாடமாகப் பாட்டுச் சொல்லி வளர்ந்த நமக்கு இதைவிட நெருக்கமான கவிதை உலகத்தில் வேறெங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் கேட்டது என்ன, பார்த்தது என்ன? எழுதுங்கள்.

இரண்டு வேலை எழுதியது:

அண்ணே, நோட்டில் இருப்பது வேறு, வாழ்க்கையில் இருப்பது வேறு. நான் எலக்ட்ரீஷியன், ஐந்து மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால் டோல் கட்டி, சைட்டுக்குப் போய், வந்து, சாயங்காலம் டெலிவரி வண்டி ஓட்டிவிட்டுப் படுக்கும்போது பதினொன்று. வீட்டுக் கடன் வட்டி ஏறும் வேகத்தில் கவிதைக்கு எங்கே நேரம்? பிள்ளைகளைச் சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கும் மிருதங்கத்துக்கும் கொண்டு விடவே மூச்சு வாங்குகிறது. இருக்கிற நேரத்தில் நம் பாட்டைக் கேட்டால் போதும் என்று நினைப்பதில் என்ன தப்பு?

என்கூட சைட்டில் இருக்கும் ஆஸ்திரேலியர் யாரும் கவிதை சொல்லிக் கேட்டதில்லை. ரேடியோ இருக்கும், பெயிண்ட் கறையும் சிமென்ட் தூசியும் படிந்த மஞ்சள் பெட்டி, காலையில் போட்டால் மாலை வரைக்கும் அதே பழைய ராக் பாட்டுகள்தான். ஏசி டிசி, கோல்ட் சிசல், மிட்நைட் ஆயில். அதில் ஒன்று வந்துவிட்டால் மேலே கூரையில் இருப்பவன், கீழே பலகை அறுப்பவன், குழாய் மாட்டுபவன் எல்லாரும் வேலையை நிறுத்தாமல் கத்திப் பாடுவார்கள், முழுப் பாட்டும் தெரியும். இதையெல்லாம் கவிதை என்று சொல்ல மாட்டேன்.

எனக்கு இந்த ஊரில் சங்கீதம் என்றால் விடிகாலையில் வண்டியைக் கிளப்பும்போது கம்பத்தில் உட்கார்ந்து மாக்பை பறவை பாடுவதுதான். இரண்டு மூன்று சேர்ந்து மாறி மாறிப் பாடும். அதை மட்டும் ஊருக்குப் போனால் தேடுகிறேன், உண்மை.

டண்டினோங் தாதி எழுதியது:

தம்பி இரண்டு வேலை, உங்கள் களைப்பு எனக்கு விளங்குகிறது, நானும் இரவு வேலை செய்கிறவள்தான். ஆனாலும் ஒன்று சொல்ல இருக்கிறது.

நான் மெல்பேர்னில் முதியோர் இல்லத்தில் வேலை. என் பொறுப்பில் ஒரு தாத்தா இருந்தார், விம்மெரா பக்கம் கோதுமையும் ஆடுமாக வாழ்ந்த குடும்பம். மறதி நோய் முற்றிவிட்டது. மகள் வந்தால் யாரென்று தெரியாது, சாப்பிட்டாரா இல்லையா தெரியாது. குளிக்க வார்ப்பது பெரும் பாடு. தண்ணீர்ச் சத்தம் கேட்டாலே பயந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு அலறுவார். என்னோடு வேலை செய்த பிலிப்பைன்ஸ் அக்கா ஒருவர்தான் வழி சொன்னார்: பாட்டர்சனின் அந்தக் குதிரைப் பாட்டை எடுத்துவிடு, மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார்.

தப்பி ஓடிய குதிரைக்குட்டியைப் பிடிக்க மலைச்சரிவில் இறங்கும் இளைஞனின் கதை அது, 1890ல் புல்லட்டின் இதழில் வந்தது, நூறு வரிக்கு மேல். நான் ஃபோனைப் பார்த்து முதல் வரியைச் சொன்னேன். என் உச்சரிப்பு அவருக்குப் பிடிக்கவில்லை, முகத்தைச் சுளித்துவிட்டுத் தானே திருத்திச் சொன்னார். சொன்னவர் நிற்கவில்லை. இரண்டு விரலால் நாற்காலிக் கையில் தட்டிக்கொண்டே போகிறார், குதிரைக் குளம்புச் சத்தம் அந்தச் சந்தத்திலேயே இருக்கிறது. நான் தோளுக்குச் சோப்புப் போடுகிறேன், முதுகு தேய்க்கிறேன், அவருக்கு அது ஒன்றுமே தெரியவில்லை. குதிரை மலையிலிருந்து இறங்கும் கட்டம் வரும்போது குரல் உயரும், கண் பெரிதாகும், கம்பியை இறுக்கிப் பிடிப்பார், இந்த முறை பயத்தினால் இல்லை. பாட்டு முடியும்போது நான் சட்டைப் பொத்தானும் பூட்டி முடித்திருப்பேன். மகள் பெயர் போய்விட்டது, மனைவி பெயர் போய்விட்டது, அந்த நூறு வரி போகவில்லை.

பக்கத்து அறையில் இருந்த கிரேக்க அம்மா தன் மொழியில் பாடுவார், இத்தாலிக்காரர் ஒருவர் தன் மொழியில். என் மாமியாருக்குக் கடைசிக் காலத்தில் தேவாரம் மட்டும் தவறவில்லை. ஆகவே, எங்கள் பாட்டை மட்டும் கேட்டால் போதும் என்று நாங்கள் நினைக்கலாம், ஆனால் எங்களை நம்பிப் படுத்திருக்கும் இந்த ஊர்க் கிழவர்களுக்கு அவர்களுடைய பாட்டை எடுத்துக் கொடுக்கவும் ஆள் வேண்டும். இந்த வேலையில் எங்கள் ஆட்கள் எவ்வளவு பேர் இருக்கிறோம்!

வெண்டி கடைக்காரர் எழுதியது:

அக்கா, இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் ஓடவில்லை. இதற்காகவே இழை தொடங்கியது வீண்போகவில்லை.

இரண்டு வேலை தம்பிக்கு: நீங்கள் சொன்ன சைட் ரேடியோவே எனக்குச் சாட்சி. வேலை செய்கிற ஆட்கள் முழுப் பாட்டும் தெரிந்து ஒன்றாகப் பாடுகிறார்கள் என்றால் பாட்டு அங்கே உயிரோடு இருக்கிறது என்றுதானே அர்த்தம்? கோல்ட் சிசல் 1978ல் போட்ட முதல் பாட்டு, வியட்நாம் போரிலிருந்து திரும்பி எதிலும் ஒட்டாமல் அலையும் ஒரு சிப்பாயைப் பற்றியது. வானொலிக்கு உகந்ததில்லை என்று அப்போது ஒதுக்கினார்கள். இன்றைக்கு அதைத் தெரியாத தச்சன் இல்லை. மிட்நைட் ஆயில் 1987ல் பாடிய பாட்டு, பூர்வகுடிகளின் நிலத்தைத் திருப்பிக் கொடு என்பது. 2000ல் சிட்னி ஒலிம்பிக் நிறைவு விழாவில் அதைப் பாடும்போது மன்னிப்பு என்ற சொல்லை உடையிலேயே எழுதிக்கொண்டு மேடையேறினார்கள், அப்போது பிரதமராக இருந்தவர் மன்னிப்புக் கேட்க மறுத்துக்கொண்டிருந்த காலம். கூரையில் நின்று உங்கள் நண்பர்கள் கத்திப் பாடுவது இதைத்தான்.

நேரம் இல்லாதவனைப் பற்றி எழுதியவர் என்றால் அது லாசன். 1867ல் தங்கச் சுரங்கக் கூடாரத்தில் பிறந்தவர், ஒன்பது வயதில் காது மங்க ஆரம்பித்துப் பதினாலுக்குள் பெரும்பாலும் போய்விட்டது. வண்டிக்குப் பெயிண்ட் அடிக்கும் கூலி வேலை. அவர் அம்மா லூயிசா 1888ல் பெண்களுக்காகத் தனிப் பத்திரிகை தொடங்கியவர். 1892ல் லாசனும் பாட்டர்சனும் புல்லட்டின் பக்கங்களில் பாட்டாலேயே சண்டை போட்டார்கள். உள்நாட்டு வாழ்க்கை அழகு என்றார் பாட்டர்சன், அவர் சிட்னியில் வக்கீல். அங்கே தூசியும் பசியும்தான் என்றார் லாசன். பத்திரிகை ஆசிரியர் லாசன் கையில் ஐந்து பவுண்டும் ரயில் டிக்கெட்டும் கொடுத்து, போய்ப் பார்த்துவிட்டு வா என்று பர்க் ஊருக்கு அனுப்பினார். அங்கிருந்து கொளுத்தும் கோடையில் மூட்டையைத் தூக்கிக்கொண்டு குவீன்ஸ்லாந்து எல்லையில் இருக்கும் ஹங்கர்ஃபோர்டு வரை நடந்தே போனார், இருநூறு கிலோமீட்டருக்கும் மேல். வேலை தேடி அலைகிறவனின் பாதம் எப்படி வெடிக்கும் என்று நேரில் பார்த்து எழுதிய எழுத்து அது. உங்கள் ஐந்து மணி வண்டிக்கும் அவருக்கும் தூரம் அதிகமில்லை தம்பி.

இன்னொன்று. நாமெல்லாம் மலிவுச் சாப்பாட்டுக்கு முன்னாள் படைவீரர்களின் ஆர்எஸ்எல் கிளப் போகிறோம் இல்லையா? மாலை ஆறு மணிக்கு அங்கே என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். விளக்கு மங்கும், சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள், பீர் குடிப்பவர்கள் எல்லாரும் எழுந்து நிற்பார்கள், ஒரு கவிதையின் நான்கு வரி ஒலிக்கும், கடைசி வரியைக் கூட்டம் முழுவதும் திருப்பிச் சொல்லும். 1914ல் லாரன்ஸ் பின்யன் என்ற ஆங்கிலக் கவிஞர் போரில் இறந்தவர்களுக்காக எழுதியது. போரில் இறந்தவர்களை நினைக்கும் ஏப்ரல் 25 அன்சாக் நாள் விடிகாலையில் மட்டுமில்லை, கிளப்புகளில் அன்றாடம் சொல்கிறார்கள். தினமும் சாப்பாட்டை நிறுத்தி எழுந்து நின்று கவிதை சொல்கிற ஊர் வேறு எது என்று எனக்குச் சொல்லுங்கள்.

பழைய இதழ் எழுதியது:

கடைக்காரர் ஐயா, நீங்கள் அன்பாக எழுதுகிறீர்கள், மரியாதையோடு ஒன்றைக் குறுக்கே வைக்கிறேன்.

பாட்டர்சனும் லாசனும் எழுதிய அதே புல்லட்டின் இதழின் தலைப்புக்குக் கீழே 1908 முதல் என்ன அச்சடித்தார்கள் தெரியுமா? ஆஸ்திரேலியா வெள்ளையனுக்கே. 1960 வரைக்கும் அந்த வாசகம் அங்கே இருந்தது. வெள்ளை ஆஸ்திரேலியக் கொள்கை 1901ல் சட்டமாகி 1973ல்தான் முழுதாகக் கைவிடப்பட்டது. அந்த ஐம்பது வருஷமும் அந்த இதழ் நீங்களும் நானும் இங்கே வரவே கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தது. சீனர்களைப் பற்றி அது வரைந்த படங்களை நூலகத்தில் பார்த்திருக்கிறேன், வயிறு எரியும்.

குவீன்ஸ்லாந்தின் புகழ்பெற்ற ஆட்டுத் திருடன் பாட்டான வால்ட்சிங் மட்டில்டாவையே எடுங்கள். 1895ல் விண்டன் பக்கம் டாக்வர்த் பண்ணையில் பாட்டர்சன் தங்கியிருந்தபோது எழுதியது, பண்ணைக்காரரின் தங்கை கிறிஸ்டினா மக்பெர்சன் தான் கேட்டிருந்த ஸ்காட்டிஷ் மெட்டை வாசித்துக் காட்ட, அதற்குச் சொல் போட்டார். முந்தைய வருஷம்தான் ரோமம் கத்தரிக்கும் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் அந்தப் பண்ணைக் கொட்டகை எரிந்தது. பசித்தவன் ஒரு ஆட்டைப் பிடிக்கிறான், நிலக்காரனும் போலீசும் வர, குட்டையில் குதித்துச் சாகிறான். நல்ல பாட்டு, ஏழை பக்கம் நிற்கும் பாட்டு, நான் மறுக்கவில்லை. 1977ல் தேசியப் பாட்டு எது என்று வாக்கெடுத்தபோது இரண்டாம் இடம் வந்தது. ஆனால் அந்த நிலம் அதற்கு முன் யாருடையது? பாட்டில் அவர்கள் இல்லை. உள்நாட்டைப் பற்றிய அந்தக் காலத்துப் பாட்டுகளில் பெரும்பாலும் இல்லை, இருந்தாலும் ஓரத்தில் வந்து போவார்கள்.

ஊரை இழந்துவிட்டு வந்த எங்களைப் போன்றவர்கள் இந்த விஷயத்தில் கண்ணை மூடிக்கொள்ள முடியாது. நான் பிள்ளைகளுக்கு முதலில் கொடுப்பது ஊட்ஜெரு நூனக்கல். பிரிஸ்பேன் பக்கத்துத் தீவுக்காரர், காத் வாக்கர் என்ற பெயரில் 1964ல் வந்த அவருடைய தொகுப்புதான் பூர்வகுடி ஒருவர் வெளியிட்ட முதல் கவிதை நூல். விமர்சகர்கள் சிலர் இது கவிதையில்லை, பிரசாரம் என்றார்கள். வாசகர்கள் வாங்கித் தீர்த்தார்கள். பூர்வகுடிகளைப் பற்றிய 1967 பொதுவாக்கெடுப்புக்காக ஊர் ஊராகப் போய்ப் பேசினார், நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் ஆம் என்று வாக்களித்தார்கள். குடியேற்றத்தின் இருநூறாவது ஆண்டான 1988ஐக் கொண்டாடுவதை எதிர்த்து, பிரிட்டிஷ் பேரரசின் பெயரில் கிடைத்த விருதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தன் மக்களின் பெயரை எடுத்துக்கொண்டார். பத்து டாலர் நோட்டைப் பற்றிப் பேசும்போது இவரையும் சேர்த்துப் பேச வேண்டும் ஐயா.

வடக்குப் பக்கம் எழுதியது:

வடக்குப் பிரதேசத்தில் கேத்தரின் ஊர்ப் பக்கம் பள்ளியில் வேலை செய்கிறேன். பழைய இதழ் சொன்னதை நான் இன்னும் கொஞ்சம் பின்னால் கொண்டு போகிறேன்.

இங்கே பாட்டு என்பது பொழுதுபோக்கு இல்லை. ஆர்னம் நிலத்து யோல்ங்கு மக்களிடம் மணிக்காய் என்ற பாட்டு வரிசைகள் இருக்கின்றன. ஒரு குலத்துக்கு இன்ன இடம், இன்ன மேகம், இன்ன மீன், இன்ன காற்று என்று இருக்கும், அந்தப் பாட்டைப் பாடும் உரிமைதான் அந்த நிலத்துக்கான உரிமை. 1976ல் வடக்குப் பிரதேசத்துக்கு நில உரிமைச் சட்டம் வந்த பிறகு நடந்த விசாரணைகளில் பெரியவர்கள் பத்திரம் காட்டவில்லை, பாடியும் ஆடியும் சான்று கொடுத்திருக்கிறார்கள். பட்டா என்ற தாள் வருவதற்கு எத்தனையோ ஆயிரம் வருஷத்துக்கு முந்திய பட்டா அது. கூடவே ஒலிக்கும் யிடாக்கி என்ற ஊதுகுழல், கறையான் அரித்து உள்ளே குடைந்த யூகலிப்டஸ் மரம். மரத்தைத் தட்டிப் பார்த்தே எது ஊதும், எது ஊதாது என்று சொல்லிவிடுவார்கள்.

குருமுல் பாட்டைக் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எல்கோ தீவில் பிறவியிலேயே பார்வை இல்லாமல் பிறந்தவர், இடதுகைக்காரர், வலதுகைக் கிட்டாரை நரம்பு மாற்றாமல் தலைகீழாகப் பிடித்து வாசித்தார். 2008ல் தனி ஆல்பம், பெரும்பாலும் தாய்மொழியில். கேட்டவர்களில் நூற்றில் ஒருவருக்குக்கூட அர்த்தம் தெரிந்திருக்காது, நாடே உட்கார்ந்து கேட்டது. 2017ல் காலமானார். அடுத்த வருஷம் வந்த கடைசி ஆல்பத்தில் மணிக்காய் பாட்டுகளுக்கு மேற்கத்திய வாத்தியக் குழு, யிடாக்கி ஊதும் தாளத்தை செலோ வாசிக்கிறது. அது நாட்டின் ஆல்பம் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது, பூர்வகுடி மொழியில் அப்படி வந்த முதல் ஆல்பம். இறந்தவரின் பெயரைச் சொல்லாமல் இருப்பது இங்கே வழக்கம், இவர் விஷயத்தில் குடும்பம் அனுமதி கொடுத்ததால்தான் நானும் எழுதுகிறேன்.

எங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்குக் குரிஞ்சி மக்களின் கதை பாட்டாகவே தெரியும். 1966 ஆகஸ்டில் வின்சென்ட் லிங்கியாரி தலைமையில் வேவ் ஹில் மாட்டுப் பண்ணையிலிருந்து இருநூறு பேர் வேலையை விட்டு வெளியே நடந்தார்கள். சம்பளத்துக்காக ஆரம்பித்தது, நிலத்துக்காக நீண்டது. 1975ல் பிரதமர் விட்லம் நேரில் வந்து ஒரு பிடி மண்ணை லிங்கியாரியின் உள்ளங்கையில் விட்டார். பால் கெல்லியும் கெவ் கார்மடியும் அதை 1991ல் பாட்டாக்கினார்கள், நிறைய சரணம், ஒரே நான்கு ஸ்வரக்கட்டு திரும்பத் திரும்ப. நம் வில்லுப்பாட்டு மாதிரி கதையை உட்கார்ந்து சொல்லும் பாட்டு. வகுப்பில் ஒரு பிள்ளை தொடங்கினால் கடைசி வரை நிற்காது.

டூங்காபி இளசு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம், எனக்கு வயது இருபத்திரண்டு, இங்கேயே பிறந்தவன், தமிழ் சனிக்கிழமைப் பள்ளியில் படித்து எச்எஸ்சி என்ற பன்னிரண்டாம் வகுப்புத் தேர்விலும் எழுதினேன். எழுத்துப்பிழை இருந்தால் திருத்துங்கள்.

நீங்கள் எல்லாரும் பழைய ஆட்களைப் பற்றியே பேசுகிறீர்கள். இப்போது மேற்குச் சிட்னியில் கவிதை எங்கே இருக்கிறது என்றால் பாங்ஸ்டவுனில் இருக்கிறது. 2013ல் இரண்டு இளைஞர்கள் தொடங்கிய மேடைக் கவிதைப் போட்டி, மாதா மாதம் நடக்கிறது, அரங்கம் நிரம்பிவிடும். லெபனான், வியட்நாம், சூடான், பாலஸ்தீனம் என்று எல்லாக் குடும்பத்துப் பிள்ளைகளும் மேடையேறுவார்கள். முதல்முறை ஏறுகிறவனுக்குக் கை நடுங்கினால் கூட்டமே சத்தம் போட்டுத் தூக்கிவிடும். அங்கே என் அப்பம்மாவைப் பற்றி ஒரு கவிதை சொன்னேன். அவர் 1983 ஜூலையில் கொழும்பிலிருந்து ஒரு சேலையோடு வந்தவர். நடுவில் அவர் வழக்கமாகச் சொல்லும் ஒரு வாக்கியத்தைத் தமிழிலேயே சொன்னேன், விளக்கம் சொல்லவில்லை. முடித்ததும் ஒரு சோமாலியப் பெண் வந்து, என் பாட்டியும் இப்படித்தான் பேசுவார் என்றாள். என்ன சொன்னேன் என்று அவள் கேட்கவே இல்லை.

ஆர்ச்சி ரோச் பற்றி யாரும் எழுதவில்லையே? குழந்தையாக இருக்கும்போதே பெற்றோரிடமிருந்து அரசு பிரித்து எடுத்துச் சென்ற பூர்வகுடித் தலைமுறையைச் சேர்ந்தவர். அதையே பாட்டாக்கி 1990ல் வெளியிட்டார். மெல்பேர்னில் பால் கெல்லியின் கச்சேரிக்கு முன்னால் அதை அவர் பாடி முடித்தபோது அரங்கில் ஒரு சத்தமும் இல்லை, பிடிக்கவில்லை போல என்று நினைத்து மேடையை விட்டு இறங்கப் போயிருக்கிறார், அப்புறம்தான் கைதட்டல் எழுந்து அடங்காமல் போனதாம். அரசு விசாரணை அறிக்கை 1997ல் வந்தது, நாடாளுமன்றம் மன்னிப்புக் கேட்டது 2008ல். பாட்டு அதற்கெல்லாம் முன்னாலேயே வந்துவிட்டது. 2022ல் அவர் காலமானபோது அவர் பெயரையும் படத்தையும் பயன்படுத்தலாம் என்று பிள்ளைகள் சொன்னார்கள். பள்ளியில் எங்கள் ஆசிரியை இந்தப் பாட்டைப் போட்டுவிட்டு எதுவும் பேசவில்லை, வகுப்பும் பேசவில்லை.

இரண்டு வேலை எழுதியது:

தம்பி, அந்த பாங்ஸ்டவுன் நிகழ்ச்சிக்குப் பெரியவர்கள் வரலாமா? என் மூத்தவளுக்குப் பதினாலு, ஏதோ எழுதி எழுதி ஒளித்து வைக்கிறாள், என்னிடம் காட்ட மாட்டாள்.

நான் சொன்னதில் ஒரு பகுதியில் இன்னும் நிற்கிறேன். நம் வீட்டில் நம் பாட்டு முதலில் இருக்க வேண்டும், அதை நாம் விட்டால் எடுத்துக் கொடுக்க இங்கே வேறு ஆள் இல்லை. 2021 கணக்கெடுப்பில் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் தொண்ணூறாயிரத்துக்கு மேல் என்று வந்தது, ஆனால் அடுத்த தலைமுறையில் எத்தனை பேர் என்று யோசித்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. தாதி அக்கா எழுதியதைப் படித்ததும் எனக்கு வந்த யோசனை வேறு: நான் எண்பது வயதில் ஒரு இல்லத்தில் படுத்திருந்தால் எனக்கு முதல் வரி எடுத்துக் கொடுக்க யார் இருப்பார்கள்?

டண்டினோங் தாதி எழுதியது:

தம்பி, இது நாங்கள் வேலை இடத்தில் அடிக்கடி கதைக்கும் விஷயம். புதிதாக ஒருவர் வந்து சேரும்போது குடும்பத்தாரிடம் அவருக்குப் பிடித்த பாட்டு எது, சிறு வயதில் மனப்பாடம் செய்தது எது என்று கேட்டு எழுதி வைப்போம். பிடித்த சாப்பாட்டுக்குப் பக்கத்திலேயே அந்த இடம் இருக்கும். எங்கள் ஆட்களில் பெரும்பாலானோர் அதை வெறுமையாக விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள், அல்லது பக்திப் பாட்டு என்று இரண்டு சொல் எழுதிவிடுகிறார்கள். எந்தப் பாட்டு, யார் பாடியது, எந்த வரியிலிருந்து தொடங்க வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள், ஃபோனில் பதிந்தும் கொடுங்கள். தமிழ் தெரியாத பிலிப்பைன்ஸ் பிள்ளைகூட அழுத்திப் போட்டுவிடும். உங்கள் மகளிடம் இப்போதே சொல்லி வையுங்கள், எழுதுகிற பிள்ளை மறக்காது.

பழைய இதழ் எழுதியது:

கடைக்காரர் ஐயா, உங்கள் தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவில் குதிரைப் பாட்டைப் பிள்ளைகள் சொல்லப்போகிறார்கள் என்று ஒருவர் வேறு இடத்தில் எழுதியிருந்தார். நல்லது. அதே மேடையில் ஊட்ஜெருவின் கவிதை ஒன்றும் வேண்டும். கவிஞர் ஜூடித் ரைட்டையும் மறக்காதீர்கள். நிலத்தைப் பிடித்த பண்ணைக் குடும்பத்தில் பிறந்து, அதை மறைக்காமல் எழுதியவர். ஊட்ஜெருவின் முதல் நூலைப் பதிப்பகத்துக்குப் பரிந்துரைத்தவரே அவர்தான், பிறகு இருவரும் வாழ்நாள் தோழிகள். 1979ல் பூர்வகுடிகளோடு ஒப்பந்தம் செய்ய வேண்டும் என்று குழு அமைத்தவர்களில் ஒருவர். லாசனைப் போலவே இவருக்கும் காது போய்விட்டது, இந்த நாட்டின் சந்தத்தைக் காட்டிக் கொடுத்த இரண்டு பேருக்குமே காது கேட்கவில்லை என்பதை நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

வெண்டி கடைக்காரர் எழுதியது:

ஐயா, ஆண்டு விழா பற்றி நீங்கள் கேட்டது உண்மைதான், நிகழ்ச்சி நிரல் இன்னும் முடிவாகவில்லை. ஊட்ஜெரு கண்டிப்பாக உண்டு, குதிரைப் பாட்டுக்கு அப்புறம் இல்லை, முதலில். ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகளுக்கு எது பொருந்தும் என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள், எனக்கு எல்லாமே கனமாகத் தெரிகிறது. வடக்குப் பக்கம் நண்பர் வகுப்பில் பிள்ளைகளுக்கு எதைக் கொடுக்கிறார் என்றும் எழுதினால் உதவியாக இருக்கும். இளசு, நீ ஒரு சனிக்கிழமை வந்து மேடையில் எப்படி நிற்பது, எப்படி மூச்சு விடுவது என்று பெரிய பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும், சாப்பாடு என் பொறுப்பு.

டூங்காபி இளசு எழுதியது:

கண்டிப்பாக வருகிறேன் அங்கிள். இரண்டு வேலை அண்ணா, பெரியவர்கள் தாராளமாக வரலாம், டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். மகளைப் பாட வைக்கவோ சொல்ல வைக்கவோ வேண்டாம், முதல் தடவை சும்மா கேட்கட்டும். நோட்டுப் புத்தகத்தை அவளே கொண்டு வருவாள்.

வடக்குப் பக்கம் எழுதியது:

கடைக்காரர் அண்ணே, சின்னப் பிள்ளைகளுக்கு ஊட்ஜெரு தன் தீவுச் சிறுவயதைப் பற்றிச் சொன்ன கதைகளிலிருந்து தொடங்குங்கள், கவிதைக்கு அதுவே நல்ல வாசல். குரிஞ்சிப் பாட்டை நாங்கள் ஆளுக்கொரு சரணமாகப் பிரித்துக் கொடுப்போம், மனப்பாடம் செய்யும் பாரம் குறையும், கதையும் ஒரு பிள்ளையிடமிருந்து அடுத்த பிள்ளைக்குப் போகும். நிகழ்ச்சி தொடங்குமுன் அந்த இடம் எந்த மக்களுடைய நிலமோ அவர்கள் பெயரைச் சொல்லுங்கள், உங்கள் பக்கம் தாருக் மக்கள். பெயரை எப்படி உச்சரிப்பது என்று முன்னாலேயே கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள்.